தாத்தா ஜப்பான்காரர், பேத்திக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா?

சாவோ பாவ்லோவில் வேலை பார்க்கும் ஒரு தமிழ் நண்பர் கேட்டிருக்கிறார். அவர் மனைவி பிரேசில்காரர், 1988இல் மரீலியாவில் பிறந்தவர். மனைவியின் தாத்தா 1930களில் ஜப்பானின் குமமோட்டோ மாகாணத்திலிருந்து கப்பலேறிப் போனவர். அப்பா 1957இல் பிரேசிலிலேயே பிறந்தவர், இப்போதும் நலமாக இருக்கிறார். அக்கம்பக்கத்து இத்தாலிய வம்சத்தார் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி இத்தாலி பாஸ்போர்ட் வாங்கிவிட்டார்கள். அதேபோல மனைவியும் ஆறு வயது மகளும் ஜப்பான் பாஸ்போர்ட் எடுக்க முடியுமா என்பது கேள்வி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவிக்கு அநேகமாகக் கிடைக்காது. மகளுக்கும் இப்போதைக்கு இல்லை. ஆனால் நீங்கள் கேட்காத ஒருவருக்குக் கிடைக்கலாம்: உங்கள் மாமனாருக்கு. தனக்கே தெரியாமல் அவர் 1957லிருந்து ஜப்பான் குடிமகனாக இருந்துகொண்டிருக்கவும் கூடும்.

நான் ஜப்பானில் ஹமமாட்சுவில் இருக்கிறேன். சுசுகி, யமஹா தொழிற்சாலைகளை நம்பி பிரேசில்காரர்கள் வந்து குவிந்த ஊர். இங்கே விசா, குடியுரிமை மனுக்கள் தயாரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் பல வருஷமாக மொழிபெயர்ப்பு வேலை. உங்கள் கேள்வியைப் போர்த்துகீசிய மொழியில் வாரம் ஒரு தடவையாவது கேட்கிறேன். கேட்கிற எல்லோருமே "எங்கள் ரத்தம் ஜப்பானிய ரத்தம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ரத்தத்துக்கு ஜப்பான் விசா கொடுக்கும். பாஸ்போர்ட் கொடுப்பதற்குக் காகிதம் கேட்கும்.

அந்தக் காகிதத்தின் பெயர் கோசெகி. குடும்பப் பதிவேடு என்று சொல்லலாம், நம் ஊர் ரேஷன் கார்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதி புரியும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பதிவு. பிறப்பு, கல்யாணம், விவாகரத்து, தத்து, சாவு எல்லாம் அதில் ஏறும். அது எந்த ஊராட்சியில் இருக்கிறதோ அந்த முகவரிக்கு ஹொன்செகி என்று பெயர். அங்கே குடியிருக்க வேண்டும் என்பதில்லை. ஜப்பான் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் என்ற கட்டமே கிடையாது, ஹொன்செகி எந்த மாகாணத்தில் என்றுதான் அச்சிட்டிருக்கும். ஜப்பான் குடிமகன் என்றால் ஏதோ ஒரு கோசெகியில் பெயர் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் ஆபீஸ் பார்ப்பதும் அதைத்தான்: ஆறு மாதத்துக்குள் எடுத்த கோசெகி நகல் ஒன்று, போட்டோ, விண்ணப்பம். பெயர் அதில் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்து யாரும் தரமாட்டார்கள்.

சட்டத்தின் அடிப்படை ஒரே வரி. நீங்கள் பிறந்த அன்று உங்கள் அப்பாவோ அம்மாவோ ஜப்பான் குடிமகனாக இருந்தால் நீங்களும் ஜப்பான் குடிமகன். தாத்தாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. தாத்தா கணக்கில் வருவது ஒரே வழியில்தான்: அவரால் உங்கள் அப்பா ஜப்பானியராகி, அப்பாவால் நீங்கள் ஆகியிருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதோடு சரி. இத்தாலியில் அப்படி இல்லாமல் நூறு வருஷத்துக்கு முந்தைய கொள்ளுத்தாத்தாவரை இழுத்துக்கொண்டு போக முடிந்தது. 2025இல் அவர்களும் பெற்றோர், தாத்தா பாட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அப்பாவோ அம்மாவோ என்று சொன்னதும்கூட 1985 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அப்பா ஜப்பானியராக இருந்தால் மட்டுமே. ஜப்பானியப் பாட்டி வெளிநாட்டுத் தாத்தாவைக் கட்டியிருந்தால், 1957இல் பிறந்த பிள்ளை ஜப்பானியர் இல்லை. உங்கள் வீட்டில் எல்லாம் அப்பா வழி என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

உங்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு. பிரேசில் தன் மண்ணில் பிறந்த குழந்தைக்குத் தானாகவே குடியுரிமை தரும் நாடு. அந்த மாதிரி வெளிநாட்டில் பிறந்து, பிறப்பாலேயே இன்னொரு குடியுரிமையும் பெறும் குழந்தைக்கு ஜப்பான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. "இந்தக் குழந்தையின் ஜப்பான் குடியுரிமையை நாங்கள் வைத்துக்கொள்கிறோம்" என்று பெற்றோர் குறிப்பிட்ட நாளுக்குள் தூதரகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு ரியூஹோ என்று பெயர். கொடுக்காவிட்டால் குடியுரிமை பிறந்த நாளிலிருந்தே போய்விடும். நேற்று வரை இருந்தது இன்று போனது என்ற கதையே இல்லை, முதலிலிருந்தே இல்லாததாகக் கணக்கு. கெடு இப்போது மூன்று மாதம், உங்கள் மாமனார் பிறந்த காலத்தில் 14 நாள்தான். மரீலியா பக்கம் காப்பித் தோட்டத்தில் இருந்தவர் 14 நாளுக்குள் பட்டணத்துத் தூதரகத்துக்குக் காகிதம் சேர்ப்பது எப்பாடு என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் பல பேர் சேர்த்திருக்கிறார்கள். ஊர் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு அந்தத் தலைமுறைக்குக் கடைசிவரை விடவில்லை.

இப்போது வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கான பிறப்புப் படிவத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். குழந்தை பெயர், நேரம், ஆஸ்பத்திரி முகவரி எல்லாம் பெரிய பெரிய கட்டங்கள். கீழே "மற்றவை" என்ற மூலையில் பொடி எழுத்தில் ஒன்பதே எழுத்து: ஜப்பான் குடியுரிமையை வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு துளி இடம். ஒரு மனிதன் எந்த நாட்டுக்காரன் என்பது அந்தத் துளி இடத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். 1957இல் தாத்தா அந்தக் காகிதத்தைக் கொடுத்திருந்தால் மாமனார் ஜப்பானியர். பிரேசில் குடியுரிமை அவருக்குப் பிறப்பால் வந்தது, தேடிப்போய் வாங்கியது இல்லை. தேடிப்போய் வாங்கினால் ஜப்பான் குடியுரிமை அந்த நிமிடமே போய்விடும். நோபல் வாங்கிய கசுவோ இஷிகுரோ 1983இல் பிரிட்டன் குடிமகன் ஆனபோது நடந்தது அதுதான். மாமனாருக்கு அந்த வம்பு இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி வந்ததே 1985இல். அதற்கு முன்பே இரட்டைக் குடியுரிமையோடு இருந்தவர்கள் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், ஜப்பானைத் தேர்ந்தெடுத்ததாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது. ஆகவே அவர் பெயர் கோசெகியில் இருந்தால், சாவோ பாவ்லோ துணைத்தூதரகத்தில் இந்த வயதிலும் போய் முதல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

அடுத்த கண்ணி உங்கள் மனைவி. 1988இல் அவர் பிறந்தபோது மாமனார் மூன்று மாதத்துக்குள் அதே காகிதத்தைக் கொடுத்தாரா? தன்னையே பிரேசில்காரர் என்று நினைத்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார். அப்படியானால் மனைவியின் கண்ணி அங்கே அறுந்துவிட்டது. தெரியாமல் போச்சு என்பதை அதிகாரிகள் ஏற்பதில்லை. வெள்ளம், போர் என்று பெற்றோர் கையை மீறிய காரணம் இருந்தால்தான் கெடு நீளும். இந்த மூன்று மாத விதியே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று பிலிப்பைன்ஸில் பிறந்த பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. என் மனசுக்கு அது கொஞ்சம் கல்நெஞ்சுத் தீர்ப்பு. தொட்டில் குழந்தை செய்யாத தவறுக்குத் தண்டனை அதற்கே போய்ச் சேர்கிறது. மீட்க ஒரு வழி உண்டு: 18 வயதுக்குள் ஜப்பானில் வந்து குடியிருந்து அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உங்கள் மனைவிக்கு அந்த வயது தாண்டிவிட்டது.

இதே சட்டத்தின் இன்னொரு முகம் அல்பர்ட்டோ ஃபுஜிமோரி. 1938இல் பெருவில் பிறந்தவர், பெற்றோர் உங்கள் மனைவியின் தாத்தாவைப் போலவே குமமோட்டோக்காரர்கள். பிறந்ததும் ஜப்பான் தூதரகத்தில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அவர் பெருவின் அதிபராகிப் பத்து வருஷம் ஆண்டார். 2000 நவம்பரில் ஊழல் புகார் சுற்றி வளைத்தபோது டோக்கியோவுக்கு வந்து அங்கிருந்தே ராஜினாமாவை ஃபேக்ஸில் அனுப்பினார். சில வாரத்தில் ஜப்பான் அரசு, இவர் எங்கள் குடிமகன் என்று அறிவித்தது. பெரு திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டும் அனுப்பவில்லை. ஒரு நாட்டை ஆண்டவர் இன்னொரு நாட்டின் குடிமகனாகவும் இருந்திருக்கிறார் என்பது, 1938இல் யாரோ ஒரு தகப்பன் கொடுத்த பிறப்புப் பதிவால்.

எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் வந்திருந்தார். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட், நாற்பது வயதிருக்கும், இருபது வருஷமாக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து இங்கே காலம் தள்ளுகிறவர். தாத்தாவின் கோசெகி தபாலில் வந்திருந்தது, பிரித்துப் படித்துச் சொல்லச் சொன்னார். பழைய கோசெகி கையால் எழுதியது, மேலிருந்து கீழாக, ஒரு பக்கம் முழுக்க நெருக்கமான எழுத்து. ஆளுக்கு ஒரு கட்டம். அந்தக் குடும்பத்தை விட்டுப் போனவர்களின் கட்டத்தில் மூலைக்கு மூலை பெரிய பெருக்கல் குறி. இறந்தாலும் அதே குறி, கல்யாணமாகிப் போனாலும் அதே குறி. விவாகரத்தானவர்களை இங்கே பேச்சு வழக்கில் "பத்சுஇச்சி" என்பார்கள், ஒரு பெருக்கல் குறி வாங்கியவர் என்று அர்த்தம், இங்கிருந்து வந்த சொல்தான். கடைசிக் கட்டத்துக்கு முந்தைய கட்டத்தில் இவர் அப்பாவின் பெயர் இருந்தது. பெருக்கல் குறி இல்லை. பிரேசில் நாடு, சாவோ பாவ்லோ மாநிலம் என்று எழுதி, தகப்பன் அறிவித்தார், குடியுரிமை வைத்துக்கொள்ளப்பட்டது என்று ஒரு வரி. வாசித்துச் சொன்னேன். அவர் விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்து, "அப்பா சாகும்வரை ஜப்பான்காரர்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு விரல் பக்கத்தில் இருந்த வெற்றிடத்துக்கு நகர்ந்தது. அவர் பெயர் அங்கே இல்லை.

அவருக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கட்டத்தால் நிலைமை மாறியது. உங்கள் மனைவிக்கும் இது பொருந்தும் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஜப்பானில் குடியேறி, பிறகு மனு போட்டுக் குடியுரிமை வாங்கும் வழிக்குக் கிகா என்று பெயர். பொதுவான ஆளுக்குச் சட்டப் புத்தகத்தில் ஐந்து வருஷம் குடியிருப்புக் கேட்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவும் கேட்கலாம், மனு போடும் நாளில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் மனு போடுபவரின் அப்பா ஜப்பான் குடிமகன் என்றால், ஜப்பானில் முகவரி இருந்தாலே போதும், இத்தனை வருஷம் என்ற கணக்குச் சட்டத்தில் இல்லை. சம்பாத்தியம் பற்றிய நிபந்தனையையும் தளர்த்துகிறார்கள். ஆக, மாமனார் கோசெகியில் இருக்கிறாரா என்பது மனைவியின் பாதையையும் குறுக்கிவிடும். பெரிய அலைச்சல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சட்ட விவகார அலுவலகத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பதிலுக்குக் காகிதமும் பொறுமையும் மூட்டை மூட்டையாகக் கேட்பார்கள். ஒரு வருஷமாவது ஆகும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அளவுக்காவது ஜப்பானிய மொழி எழுதப் படிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பழைய குடியுரிமையை விட வேண்டும் என்பதும் நிபந்தனை. மனைவி அதற்குத் தயாரா என்பதை முதலில் வீட்டில் பேசுங்கள்.

விசா சமாச்சாரம் இதைவிட எளிது. 1990இல் அமலுக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்தால், வெளிநாட்டு ஜப்பானிய வம்சாவளியினருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது என்பதுதான் உண்மைக் காரணம். பேரன் பேத்திக்குத் தெய்ஜூஷா என்ற நீண்டகாலக் குடியிருப்பு விசா. எந்த வேலையும் பார்க்கலாம். உங்கள் மனைவிக்கு அது கிடைத்தால், கணவர் என்ற முறையில் உங்களுக்கும், கூட வாழும் சிறு வயது மகளுக்கும் அதே விசா. மாமனார் ஜப்பானியர் என்று உறுதியானால் மனைவிக்கு "ஜப்பானியரின் பிள்ளை" என்ற இன்னும் வலுவான விசா. தேவை முடிந்தால் இதே கதவு எப்படிச் சாத்தும் என்பதையும் ஹமமாட்சு பார்த்திருக்கிறது. 2009இல் வேலை போனவர்களிடம் ஆளுக்கு 3 லட்சம் யென் கொடுத்து ஊருக்குப் போகச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் அதே விசாவில் உடனே திரும்பி வர முடியாது என்பது கூடவே வந்த நிபந்தனை. ரத்தத்துக்குக் கொடுத்த விசாவின் மதிப்பு அவ்வளவுதான்.

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிலிப்பைன்ஸைப் பார்க்க வேண்டும். 1903 வாக்கில் பெங்கெட் மலைச் சாலை வெட்டப் போன ஜப்பானியக் கூலிகள், பிறகு தவாவோவில் அபாகா நார்த் தோட்டங்களுக்குப் போய்க் குடியேறினார்கள். அங்கத்திய பெண்களைக் கட்டினார்கள். போர் முடிந்ததும் அப்பாக்கள் செத்தோ, நாடு கடத்தப்பட்டோ போனார்கள். ஜப்பானியப் பிள்ளை என்று தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால் தாய்மார்கள் காகிதங்களை எரித்துப் பெயரை மாற்றிப் பிள்ளைகளோடு மலைக்குள் ஒளிந்தார்கள். அன்றைய சட்டப்படி ஜப்பானிய அப்பாவின் பிள்ளை ஜப்பானியர். பிலிப்பைன்ஸும் அப்போது அப்பாவைப் பார்த்துத்தான் குடியுரிமை கொடுத்தது. நடுவில் இவர்கள் எந்த நாடும் இல்லாமல் நின்றார்கள். எண்பது வயதைத் தாண்டிய அந்தப் பிள்ளைகள் ஜப்பான் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு, புதிதாகக் கோசெகி உண்டாக்க அனுமதி வாங்குகிறார்கள். அதற்குப் பெயர் ஷூசெகி. எரிந்துபோன காகிதத்துக்குப் பதிலாக, ஞானஸ்நானப் பதிவு, பழைய போட்டோ, ஊர்ப் பெரியவர் சாட்சி என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். பல பேர் தீர்ப்பு வருவதற்குள் காலமாகிவிட்டார்கள்.

உங்கள் மனைவியின் தாத்தா ஒகினாவாக்காரராக இருந்திருந்தாலும் கஷ்டம்தான். 1945 போரில் அந்தத் தீவின் கோசெகிகள் பெரும்பாலும் எரிந்து, பிறகு ஞாபகத்திலிருந்தும் மிச்சக் காகிதத்திலிருந்தும் திரும்ப எழுதியவை. குமமோட்டோ என்பதால் பழைய பதிவு இருக்க வாய்ப்பு அதிகம். பெயர்கள் எல்லாம் நீங்கிக் கலைக்கப்பட்ட கோசெகியையும் 150 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2010 முதல் விதி. அதற்கு முன் 80 வருஷம்தான், அந்தக் கணக்கில் அழித்ததும் உண்டு.

தமிழ்க் குடும்பங்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. டோக்கியோவில் பிறந்த தமிழ்க் குழந்தை, அப்பா அம்மா இருவரும் இந்தியர் என்றால், ஜப்பானியர் ஆகாது. பிறந்த மண்ணுக்கு இங்கே மதிப்பில்லை. மறுபக்கம், கணவன் மனைவியில் ஒருவர் ஜப்பானியராக இருந்து குழந்தை சென்னையில் பிறந்தால், இன்னொருவர் வழியாக இந்தியக் குடியுரிமை பிறப்பாலேயே வந்துவிடுவதால் அதே மூன்று மாதக் கெடு ஓட ஆரம்பித்துவிடும். சென்னையிலேயே ஜப்பான் துணைத்தூதரகம் இருக்கிறது. பிள்ளைக்குப் பேர் வைக்கும் சடங்கு முடிந்ததும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. தாத்தாவின் ஹொன்செகி எந்தக் கிராமம் என்று கண்டுபிடியுங்கள். குமமோட்டோ என்று மட்டும் சொன்னால், தஞ்சாவூர் ஜில்லா என்று மட்டும் சொல்லி ஒருவர் வீட்டைத் தேடுவது மாதிரி. அவருடைய பழைய பாஸ்போர்ட், பிரேசில் குடியேற்ற அட்டை, ஊரிலிருந்து வந்த கடிதத்தின் உறை, எதிலாவது இருக்கும். சாவோ பாவ்லோவில் ஒவ்வொரு மாகாணத்தாருக்கும் கென்ஜின்காய் என்ற ஊர்ச் சங்கம் உண்டு, குமமோட்டோவுக்கும் இருக்கிறது. அதே ஊரின் லிபெர்டாடே பகுதியில் ஜப்பானியக் குடியேற்ற அருங்காட்சியகம் இருக்கிறது. 1908இல் 781 பேரோடு சாந்தோஸில் வந்து இறங்கிய கசாத்தோ மாருவிலிருந்து ஆரம்பித்துக் கப்பல் வாரியாகப் பயணிகள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிராமம் தெரிந்தால், இப்போது அது எந்த ஊராட்சியோடு சேர்ந்திருக்கிறதோ அங்கே நேரடி வாரிசு என்ற முறையில் கோசெகி நகல் கேட்கலாம். 1999இல் 3,232 ஆக இருந்த ஊராட்சிகள் 2010க்குள் 1,727 ஆகச் சுருங்கிவிட்டன, பழைய பெயரில் தேடினால் அகப்படாது. நகல் 450 யென், கலைக்கப்பட்டது என்றால் 750 யென். தபாலில் கேட்டால் ஜப்பான் தபால் ஆபீஸில் வாங்கிய பண ஆணையைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள், அதனால் இங்கே ஓர் உறவினர் இருந்தால் வேலை லேசாகும். தாத்தாவிலிருந்து மனைவிவரை பிரேசில் பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்களை ஜப்பானிய மொழியில் பெயர்த்து வைக்க வேண்டும். அங்கே பெயர்கள் வம்பு செய்யும். பிரேசில் பதிவாளர்கள் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். சியேக்கோ அங்கே தியேக்கோ ஆகியிருப்பார். ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கத் தனியாக விளக்கம் எழுத வேண்டிவரும்.

இன்னொன்று: தாத்தா இறந்ததை யாரும் ஜப்பானுக்குச் சொல்லியிருக்காவிட்டால் கோசெகியில் அவர் இன்னும் உயிரோடு இருப்பார். 2010இல் கணக்கெடுத்தபோது நூறு வயதைத் தாண்டி, முகவரியே தெரியாமல், காகிதத்தில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் 2.3 லட்சத்துக்கு மேல். மாமனாரின் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு முன் தாத்தாவின் இறப்பையும் மாமனாரின் கல்யாணத்தையும் தூதரகத்தில் பதிவு செய்யச் சொல்வார்கள்.

மாமனாரிடம் நேரடியாக "நீங்கள் ஜப்பானியரா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்பார். "சின்ன வயதில் உங்கள் அப்பா உங்களைப் பற்றி ஊருக்கு ஏதாவது எழுதிப் போட்டாரா, தூதரகம் என்று பேச்சு வந்ததா?" என்று கேளுங்கள். தாத்தாவின் கல்லறைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். ஜப்பானியர் கல்லறைகளில் சொந்த ஊரைச் செதுக்கியிருப்பது வழக்கம். எழுத்து புரியாவிட்டால் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எந்தக் கிராமம், இப்போது எந்த ஊராட்சி என்று பார்த்துச் சொல்கிறேன்.